ஆடிக்கொண்டே அணியை நடத்துவது எப்படி? பிளேயர்-மேனேஜர் ஆகப்போகிறவருக்கு ஒரு கையேடு

ஆட்டக்காரராக இருந்துகொண்டே மேனேஜராகவும் இருங்கள் என்று கால்பந்துக் கிளப்பிலிருந்து வரும் அழைப்பு சாவகாசமாக வருவதில்லை. மேனேஜரை நீக்கியிருப்பார்கள், அடுத்த ஆட்டத்துக்கு நாலைந்து நாள்தான் இருக்கும், புது ஆளைத் தேட நேரமோ பணமோ இருக்காது. டிரெஸ்ஸிங் ரூமில் எல்லோரும் மதிக்கிற மூத்த ஆட்டக்காரரைக் கூப்பிட்டு, "கொஞ்ச நாள் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்பார்கள். 1996 டிசம்பரில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டில் ஸ்டூவர்ட் பியர்ஸுக்கும், 2014 ஏப்ரலில் மான்செஸ்டர் யுனைடெட்டில் ரயன் கிக்ஸுக்கும் பதவி வந்தது இப்படித்தான். பதில் சொல்ல ஒரு நாள் கிடைத்தால் பெரிது. அதனால் 30 வயதைத் தாண்டியதுமே இதைப் பற்றி யோசித்து வைத்திருப்பவருக்குத்தான் பேரம் பேச இடம் இருக்கும்.

இரண்டு வேலைக்கு நேரம் போதுமா என்றுதான் பலரும் பயப்படுகிறார்கள். நேரப் பற்றாக்குறையை ஆள் வைத்துச் சமாளித்துவிடலாம். அதைவிடப் பெரிய சிக்கல், அணியில் ஒரே ஒரு ஆட்டக்காரரை மட்டும் யாரும் பெஞ்சில் உட்கார வைக்க முடியாது, யாரும் கண்டிக்க முடியாது, யாரும் ஆட்டத்தின் நடுவில் வெளியே எடுக்க முடியாது என்பது. அந்த ஆட்டக்காரர் நீங்கள். கீழே வரும் ஏற்பாடுகளில் பாதிக்கு மேல் அந்த ஓட்டையை அடைப்பதற்கானவை.

லைசென்ஸ்: ஆடும்போதே முடித்துவிடுங்கள்

ஐரோப்பாவில் யூஇஎஃப்ஏ (ஐரோப்பியக் கால்பந்துச் சங்கம்) தரும் பயிற்சியாளர் சான்றிதழ்கள் சி, பி, ஏ, ப்ரோ என்று படிப்படியாக ஏறுகின்றன. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே நிஜமாகவே ஒரு அணிக்குப் பயிற்சி கொடுத்த அனுபவத்தைக் கேட்பார்கள். ப்ரோ மட்டுமே ஒரு வருஷத்துக்குக் குறையாமல் இழுக்கும். பெரிய லீகுகளின் முதல் டிவிஷனில் நிரந்தர மேனேஜராக ப்ரோ வேண்டும். இடைக்கால மேனேஜருக்குச் சில வாரச் சலுகை உண்டு. 2006இல் மிடில்ஸ்ப்ரோ மேனேஜரான காரெத் சவுத்கேட்டிடம் தேவையான சான்றிதழ் இல்லாததால் சிறப்பு அனுமதி வாங்க வேண்டியிருந்தது. எல்லோருக்கும் அது கிடைக்காது.

நடைமுறையில் செய்ய வேண்டியது: 29, 30 வயதில் பி சான்றிதழைத் தொடங்குங்கள், கிளப்பின் 16 வயதுக்குட்பட்டோர் அணிக்கு வாரம் இரண்டு மாலை பயிற்சி கொடுங்கள், 33க்குள் ஏ முடியட்டும். சான்றிதழுக்காக மட்டும் இல்லை. பத்துப் பேருக்கு முன் நின்று ஒரு பயிற்சியை நடுவில் நிறுத்தி, 20 வினாடிக்குள் தவறைச் சொல்லி, மறுபடி தொடங்கிவைப்பது தனித் திறமை. இருபது வருஷம் ஆடியதால் அது தானாக வந்துவிடாது. நன்றாக ஆடுகிறவர்களுக்கு அது இன்னும் சிரமம். தங்கள் காலுக்குத் தெரிந்ததை வாயால் சொல்ல அவர்களுக்கு வேண்டி வந்ததே இல்லை.

ஒப்பந்தம்: இரண்டு தாள், இரண்டு கையெழுத்து

ஆட்டக்காரர் ஒப்பந்தமும் மேனேஜர் ஒப்பந்தமும் தனித்தனியாக இருக்கட்டும். ஒரே தாளில் கலந்து எழுதினால், மேனேஜர் பதவியிலிருந்து நீக்கப்படும் நாளில் நீங்கள் இன்னும் அந்தக் கிளப்பின் ஆட்டக்காரரா இல்லையா என்பதற்கு வக்கீல்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். கையெழுத்திடும் முன் நான்கு விஷயங்களுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

மேனேஜர் வேலை போனால் ஆட்டக்காரர் ஒப்பந்தம் தொடருமா, முழுப் பணத்துடன் முடியுமா? உங்களுக்குப் பிறகு வருகிறவரின் கீழ் பயிற்சிக்கு வருவது இருவருக்குமே நரகம். பணம் கொடுத்து முடித்துக்கொள்வது என்று எழுதிவிடுவது நல்லது.

ஆடும்போது காயம்பட்டு ஆறு மாதம் படுத்தால் மேனேஜர் சம்பளம் நிற்காது என்று எழுதியிருக்கிறதா? காயக் காப்பீடு எந்தச் சம்பளத்தை வைத்துக் கணக்கிடப்படுகிறது?

அசிஸ்டென்டைத் தேர்ந்தெடுப்பது யார்? இந்த ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

நான்காவதை அநேகமாக எல்லோருமே கவனிக்காமல் விடுகிறார்கள். ஆட்டக்காரர் ஒப்பந்தத்தில் ஆடும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு தொகை, கோலுக்கு ஒரு தொகை என்று போனஸ் இருக்கும். மேனேஜரான அன்றே அதை நீக்கச் சொல்லுங்கள், அதற்கு ஈடாக மாதச் சம்பளத்தைக் கூட்டிக் கேளுங்கள். பதினொருவரை எழுதும் கை உங்களுடையது. அதில் உங்கள் பெயரை எழுதினால் உங்களுக்கே பணம் வருகிறது என்ற நிலை இருக்கவே கூடாது. நீங்கள் யோக்கியராக இருப்பது வேறு. முதல் மூன்று தோல்விக்குப் பிறகு பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் என்ன பேசுவார் என்பதுதான் இங்கே கேள்வி.

அசிஸ்டென்ட்: உங்களை வெளியே எடுக்கத் துணிகிறவர்

வெற்றி பெற்ற பிளேயர்-மேனேஜர்கள் எல்லோருக்கும் பின்னால் ஒரு கனமான ஆள் இருந்திருக்கிறார். 1985இல் கென்னி டால்கிளிஷ் லிவர்பூல் பொறுப்பை ஏற்றபோது, அந்தக் கிளப்புக்கு எத்தனையோ கோப்பைகள் வாங்கிக் கொடுத்த பாப் பெய்ஸ்லி ஆலோசகராகக் கூட இருந்தார். ரோனி மோரனும் ராய் எவன்ஸும் பயிற்சியைப் பார்த்துக்கொண்டார்கள். முதல் வருஷத்திலேயே லீக், எஃப்ஏ கப் இரண்டும் வந்தன. 1986இல் ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸுக்குப் போன கிரேம் சூனஸுக்கு வால்டர் ஸ்மித். ஸ்விண்டனில் கிளென் ஹாடிலுக்கு ஜான் கோர்மன். 1993இல் ஹாடில் செல்சிக்குப் போனதும் கோர்மனே ஸ்விண்டன் மேனேஜரானார்.

அசிஸ்டென்டுக்கு வேண்டிய தகுதிகள் வழக்கமான அணிகளில் இருப்பதிலிருந்து கொஞ்சம் மாறும். உங்களைவிட வயதில் மூத்தவராக இருப்பது நல்லது. உங்கள் பழைய கூட்டாளியாக, உங்கள் திருமணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவராக இருக்கக் கூடாது. ஏற்கெனவே ஒரு அணியைத் தனியாக நடத்தியவராக இருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் சனிக்கிழமை 90 நிமிஷம் அணியை நடத்தப்போகிறவர் உண்மையில் அவர்தான்.

அவருக்கு மூன்று அதிகாரங்களை எழுத்தில் கொடுத்து, கேப்டனுக்கும், காயங்களைப் பார்க்கும் பிசியோவுக்கும் தெரியப்படுத்துங்கள். ஒன்று, நீங்கள் களத்தில் இருக்கும்போது மாற்று ஆட்டக்காரர்களை இறக்கும் முடிவு அவருடையது. இரண்டு, உங்களை வெளியே எடுக்கும் முடிவும் அவருடையது. உங்கள் எண் பலகையில் ஒளிர்ந்தால் வாக்குவாதம் கிடையாது, கை அசைத்து மறுப்பது கிடையாது. மூன்று, ஆட்டத்துக்கு முந்தைய நாள் நீங்கள் ஆடத் தகுதியா என்பதில் அவரும் பிசியோவும் சேர்ந்து இல்லை என்றால் இல்லைதான்.

இந்த மூன்றாவதை வாய்ப்பேச்சாக விட்டால் நடக்காது. முதலாளியிடம் போய் "நீ மெதுவாகிவிட்டாய்" என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. எழுதிவைத்தால், சொல்வது அவர் வேலையாகிவிடுகிறது.

டிரெஸ்ஸிங் ரூமில் முதல் வாரம்

நேற்றுவரை கூட உட்கார்ந்து பழைய மேனேஜரைப் பற்றிப் புலம்பியவர்கள்தான் இன்று உங்கள் ஆட்டக்காரர்கள். யார் முழங்கால் வலியை மறைக்கிறார், யார் வேறு கிளப்போடு பேசிக்கொண்டிருக்கிறார் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். நண்பராகக் கேட்டதை மேனேஜராகப் பயன்படுத்தாதீர்கள். ஒருமுறை பயன்படுத்தினால் அதற்குப் பிறகு யாரும் எதையும் சொல்ல மாட்டார்கள்.

முதல் நாளே செய்ய வேண்டியவை சின்னச் சின்ன விஷயங்கள்தான். ஆட்டக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீங்களாகவே வெளியேறுங்கள். நீங்கள் இருந்தால் அவர்கள் இன்னொரு குழு தொடங்குவார்கள், அவ்வளவுதான். உடை மாற்றும் இடத்தைப் பயிற்சி நாட்களில் பயிற்சியாளர் அறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள், ஆட்ட நாளில் மட்டும் மற்றவர்களோடு மாற்றுங்கள். தாமதத்துக்கான அபராதப் பட்டியலில் உங்கள் பெயரும் இருக்கட்டும். தொகையைக் கேப்டன் வசூலிக்கட்டும். எல்லோரையும் ஒவ்வொருவராக 10 நிமிஷம் கூப்பிட்டுப் பேசுங்கள். நீங்கள் ஆடும் அதே இடத்தில் ஆடுகிறவரை முதலில் கூப்பிடுங்கள், கடைசியில் வேண்டாம்.

இந்தப் பதவிக்கு ஆசைப்பட்ட இன்னொரு மூத்த ஆட்டக்காரர் அணியில் இருப்பார். லிவர்பூலில் அப்படி ஒருவர் ஃபில் நீல். கேப்டனாக இருந்தவர், டால்கிளிஷ் வந்த பிறகு கேப்டன் பொறுப்பு ஆலன் ஹான்சனுக்குப் போனது, அந்த டிசம்பரிலேயே நீல் போல்டனுக்குப் பிளேயர்-மேனேஜராகப் போனார். அப்படிப்பட்டவரிடம் ஒரு மாதத்துக்குள் நேராகப் பேசி முடியுங்கள்: இங்கே உனக்கு இந்த வேலை, பிடிக்கவில்லை என்றால் நல்லபடியாகப் போக உதவுகிறேன். பேசாமல் விட்டால் அணி இரண்டாகப் பிரியும்.

கேப்டன் பட்டையை நீங்கள் கட்டாதீர்கள். நடுவரிடம் பேசுவது, சண்டையை விலக்குவது, தளர்ந்தவரைத் தட்டிக்கொடுப்பது எல்லாம் களத்தில் இன்னொருவர் வேலையாக இருந்தால்தான் உங்களுக்கு ஆட்டத்தைப் படிக்க நேரம் கிடைக்கும். 1994இல் மிடில்ஸ்ப்ரோவுக்குப் போன பிரையன் ராப்சன் இங்கிலாந்தின் கேப்டனாகவே இருந்தவர். ஆனாலும் நைஜல் பியர்சனைக் கொண்டுவந்து பட்டையை அவரிடம் கொடுத்தார்.

வார அட்டவணை

சனிக்கிழமை ஆட்டம் என்று வைத்துக்கொள்வோம். ஞாயிறு காலை ஆடியவர்களுக்கு லேசான சைக்கிள், நீட்சிப் பயிற்சி, ஆடாதவர்களுக்கு முழுப் பயிற்சி. நீங்கள் ஆடியிருந்தால் ஆடியவர்களோடு இருங்கள். மற்றவர்களை அசிஸ்டென்ட் பார்க்கட்டும். மதியம் ஆட்டத்தின் காணொளியை இரண்டு முறை பாருங்கள். முதல் முறை அணியாக. இரண்டாவது முறை உங்கள் எண்ணை மட்டும் பின்தொடர்ந்து, பக்கத்தில் அசிஸ்டென்டை வைத்துக்கொண்டு. அந்த இரண்டாவது ஒருமணி நேரம் சங்கடமானது. தவிர்க்காதீர்கள்.

திங்கள் ஆட்டக்காரர்களுக்கு விடுமுறை, உங்களுக்கு இல்லை. நிர்வாகக் கூட்டம், எதிரணி அறிக்கை, இளைஞர் அணி எல்லாம் அன்றுதான். பல பிளேயர்-மேனேஜர்களின் உடல் கெட்டுப்போவது இங்கேதான்: ஓய்வு நாளில் எட்டு மணி நேரம் நாற்காலியிலும் காரிலும் உட்கார்ந்துவிட்டு, செவ்வாய்க்கிழமை வேகப் பயிற்சியில் தொடைப் பின்தசையைக் கிழித்துக்கொள்கிறார்கள். திங்கட்கிழமைக்குள் 40 நிமிஷம் நீச்சலோ மெதுவான சைக்கிளோ கட்டாயமாக நுழையட்டும். கூட்டங்களை ஒரு மணிக்கு முன் முடியுங்கள். ஆட்டக்காரர் பரிமாற்றப் பேரத்தில் நேரடியாக உட்காராதீர்கள்; யார் வேண்டும், யார் வேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள். கூட ஆடுகிறவரின் சம்பளம் உங்களுக்குத் தெரியாமல் இருப்பது எல்லோருக்கும் நல்லது.

செவ்வாயும் புதனும் கடினமான நாட்கள். பதினொருவருக்குப் பதினொருவர் ஆட்டப் பயிற்சியில் உள்ளே நின்றால் உங்களைச் சுற்றி 20 மீட்டரில் நடப்பது மட்டும்தான் தெரியும். வெளியே நின்றால் உங்கள் இடத்தில் வேறு ஒருவரை வைத்து அணி பழகிவிடும். இதற்கு ஒரு வழி உண்டு: பயிற்சியை 10 நிமிஷத் துண்டுகளாக வெட்டுங்கள். முதல் இரண்டு துண்டில் உங்கள் இடத்தில் இளைஞர் அணிப் பையன் ஒருவர் நிற்கட்டும். நீங்கள் வெளியே, முடிந்தால் உயரமான இடத்திலிருந்து பாருங்கள். மூன்றாவது, நான்காவது துண்டில் நீங்கள் உள்ளே போங்கள், அசிஸ்டென்ட் விசில் வைத்துக்கொள்ளட்டும். உள்ளே போன பிறகு பயிற்சியை நிறுத்தித் திருத்தும் உரிமை உங்களுக்கு இல்லை. இதை மீறுவது மிகச் சாதாரணம், அதன் விளைவும் உடனே தெரியும்: நீங்கள் பந்தை இழந்தவுடன் விசில் அடித்து மற்றவர் நின்ற இடம் தப்பு என்று சொல்வீர்கள், ஆட்டக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

வியாழன் உங்கள் உடலுக்கான நாள். ஜிபிஎஸ் கருவி காட்டும் ஓட்டக் கணக்கில் குறைந்திருப்பதைப் பிசியோ தனியாக உங்களுக்குக் கொடுக்கட்டும். வெள்ளி 45 நிமிஷத்துக்கு மேல் வேண்டாம்: கார்னர், ஃப்ரீ கிக், த்ரோ-இன், அவ்வளவுதான். இந்த நிலைப்பந்துகளை எதிர்ப்பதில் உங்களுக்குக் கொடுக்கும் வேலை எளிமையாக இருக்கட்டும். உங்களை வெளியே எடுத்தால், நீங்கள் மறித்துவந்த எதிரணி ஆளை யார் மறிக்க வேண்டும் என்பதையும் வெள்ளிக்கிழமையே சொல்லிவிடுங்கள். மாற்று ஆட்டக்காரர் வந்த அடுத்த கார்னரில் கோல் விழுவது பெரும்பாலும் இதைச் சொல்லாததால்.

உங்கள் பெயரை எழுதும் கணக்கு

சீசன் தொடங்கும் முன்பே விதியை எழுதிவையுங்கள். தோல்விக்கு நடுவில் எழுதினால் அது விதியாக இருக்காது, சமாதானமாக இருக்கும். ஒரு நல்ல தொடக்கம்: அந்த வாரத்தின் நான்கு பயிற்சிகளில் குறைந்தது மூன்றை முழுதாக முடித்திருக்க வேண்டும். பிசியோவும் அசிஸ்டென்டும் சரி என்றிருக்க வேண்டும். ஏழு நாளுக்குள் இரண்டு ஆட்டங்களை முழுதாக ஆடக் கூடாது. அந்த இடத்தில் இருக்கும் இன்னொருவர் முழு உடல்தகுதியோடு நன்றாக ஆடிக்கொண்டிருந்தால் அவரை எடுத்துவிட்டு உங்களைப் போடக் கூடாது.

டால்கிளிஷ் அந்த இரட்டைக் கோப்பை சீசனில் 42 லீக் ஆட்டங்களில் ஆடியது பாதிதான். சீசனின் கடைசிப் பகுதியில்தான் தன்னை அதிகம் பயன்படுத்தினார். 1986 மே 3 அன்று ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜில் செல்சிக்கு எதிராக அவர் அடித்த ஒரே கோலில் லீக் பட்டம் உறுதியானது. அதைப் பார்த்து "பெரிய ஆட்டத்தில் மூத்தவர் இறங்க வேண்டும்" என்று பாடம் படிப்பவர்கள், அதற்கு முன் அவர் வெளியே உட்கார்ந்திருந்த மாதங்களை மறந்துவிடுகிறார்கள். ஜான்லூக்கா வியாலியும் 1998இல் செல்சியின் லீக் கப் இறுதியில் தன்னை அணியில் சேர்க்கவில்லை. அதே சீசனில் ஐரோப்பியப் போட்டியான கப் வின்னர்ஸ் கப் இறுதியில் முதலிலிருந்தே ஆடினார். இரண்டு கோப்பையும் வந்தன. எதிராக இன்னொரு தவறும் உண்டு: பேர் கெட்டுவிடுமே என்ற பயத்தில் நன்றாக ஆடும் நிலையிலும் தன்னை ஒதுக்கிக்கொள்வது. அணிக்கு அதுவும் நஷ்டம்தான்.

எந்த இடத்தில் ஆடுவது என்பதும் முக்கியம். ஆட்டம் முழுவதும் கண்ணுக்கு முன் தெரிகிற இடம் வசதி. ஹாடில் ஸ்விண்டனில் ஸ்வீப்பராகப் பின்னால் நின்று ஆடினார். 1993இல் லெஸ்டருக்கு எதிரான பிளே-ஆஃப் இறுதியில் 4-3 என்று வென்று பிரீமியர் லீகுக்கு அணியை ஏற்றிய ஆட்டத்தில் முதல் கோலும் அவருடையது. மையத் தடுப்பாளர், அவருக்கு முன் நிற்கும் தற்காப்பு மிட்ஃபீல்டர், கோல்கீப்பர் மூன்றும் பார்வைக்கு நல்ல இடங்கள். கோல்கீப்பரில் இன்னொரு சௌகரியம், நுரையீரல் காலியாகாது. ஆனால் பெஞ்ச் வெகுதூரம். டேவிட் ஜேம்ஸ் 2014இல் முதல் இந்தியன் சூப்பர் லீகில் கேரளா பிளாஸ்டர்ஸை இப்படிக் கோல் கம்பங்களுக்கு நடுவிலிருந்து இறுதிவரை கொண்டுபோனார். அரையிறுதியில் அவர் அணி வென்றது இன்னொரு பிளேயர்-மேனேஜரான மார்கோ மாத்தராட்சியின் சென்னையின் எஃப்சி அணியை. ஃபார்வேர்டுக்கு இது கஷ்டமான வேலை: பாதி நேரம் சொந்தக் கோலுக்கு முதுகைக் காட்டி நிற்பவருக்குத் தன் தடுப்பு வரிசை எங்கே உடைகிறது என்பது தெரியாது. விங்கர் என்றால் மைதானத்தின் மறுபாதி கண்ணிலேயே படாது.

யாரையாவது நீக்கும்போது முந்தைய நாளே நேரில் சொல்லுங்கள். இரண்டு நிமிஷம், ஒரே காரணம். நீங்கள் அவர் இடத்தில் ஆடப்போகிறீர்கள் என்றால் அசிஸ்டென்ட் அறையில் இருக்கட்டும், காரணத்தை அவர் சொல்லட்டும்.

பட்டியலை எழுதி முடித்ததும் இன்னொருவர் எண்ணிப் பார்க்க வேண்டும். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. பியர்ஸ் தன் முதல் ஆட்டத்துக்கு எழுதிய பதினொருவரில் கோல்கீப்பரே இல்லை. கவனித்தது அவர் மனைவி. (அடுத்த மாதமே, 1997 ஜனவரியில், மாதத்தின் சிறந்த மேனேஜர் விருது அவருக்குக் கிடைத்தது.)

ஆட்டம் நடக்கும்போது

களத்தில் இறங்கிய வினாடியிலிருந்து விதிகளின்படி நீங்கள் வெறும் ஆட்டக்காரர். காதில் கருவி வைத்துப் பெஞ்சோடு பேச முடியாது. ஆட்ட விதிகளில் 4ஆவது விதி ஆட்டக்காரர்கள் மின்னணுத் தொடர்புக் கருவி அணிவதைத் தடுக்கிறது, ஓட்டத்தை அளக்கும் கருவிக்கு மட்டும்தான் விலக்கு. ஆகவே தகவல் வாய்வழியாகவும் தாள்வழியாகவும்தான் வரும். மாற்று ஆட்டக்காரர் உள்ளே வரும்போது கையில் நான்காக மடித்த சின்னத் தாள் வரலாம். அதில் இரண்டு வரிக்கு மேல் எழுத வேண்டாம்.

அமைப்பு மாற்றங்களுக்கு வாரத்தில் பழகிய குறிச்சொற்கள் மூன்று போதும்: தடுப்பில் ஐவராக மாறுவது, முன்னால் போய் அழுத்துவது, பின்வாங்கிக் காப்பது. பெஞ்ச் பக்கம் ஆடும் ஃபுல்-பேக்தான் (ஓரத்துத் தடுப்பாளர்) உங்கள் தபால்காரர். இரண்டாம் பாதியில் பக்கம் மாறும்போது அந்த வேலையும் மறுபக்க ஃபுல்-பேக்குக்கு மாறும். பலர் இதை மறந்துவிட்டு 50ஆவது நிமிஷத்தில் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்பார்கள். கோல்கீப்பருக்குச் சிகிச்சை நடக்கும் நேரம், தண்ணீர் இடைவேளை இரண்டும் இலவசமாகக் கிடைக்கும் கூட்டங்கள். தண்ணீருக்கு ஒரு நிமிஷம்தான். கடும் வெயிலில் தரும் குளிர்விப்பு இடைவேளை 90 வினாடியிலிருந்து 3 நிமிஷம்வரை. அப்போது நீங்கள் பேசாதீர்கள். அசிஸ்டென்ட் பார்த்ததைக் கேளுங்கள்.

இடைவேளை 15 நிமிஷம். உள்ளே நடந்து வர இரண்டு, திரும்பிப் போக இரண்டு. முதல் மூன்று நிமிஷம் தண்ணீர், மூச்சு, பிசியோ. அதற்குள் உங்களுக்கு அசிஸ்டென்ட் தனியாக இரண்டே விஷயம் சொல்லட்டும். பிறகு அவர் அணிக்கு இரண்டு நிமிஷம் பேசுவார், காணொளித் துண்டு இருந்தால் ஒன்றைக் காட்டுவார். உங்களுக்கு மூன்று நிமிஷம். உட்கார்ந்தே பேசுங்கள். மூச்சு வாங்கிக்கொண்டு நின்று கத்துகிறவரின் பேச்சில் பாதி தன் ஆட்டத்தின் மேல் வந்த எரிச்சல்தான், ஆட்டக்காரர்களுக்கு அது நன்றாகவே தெரியும்.

60ஆவது நிமிஷத்தில் அசிஸ்டென்ட் உங்களைப் பற்றி ஒரு முடிவு எடுக்க வேண்டும் என்பதை வழக்கமாக்குங்கள். ஆட்ட வேகத்தில் களைப்பு உங்களுக்குத் தெரியாது. வெளியே நிற்பவருக்குத் தெரியும். தடுப்புக்குத் திரும்பி ஓடும் முதல் ஐந்து அடி, முதல் மோதலில் தெறித்து வரும் இரண்டாவது பந்துக்கு எழும்பும் நேரம், பாஸ் கொடுத்த பின் நின்றுவிடும் பழக்கம், இந்த மூன்றையும் அவர் பார்க்கட்டும். ஐந்து மாற்றங்களை மூன்று வாய்ப்பில்தான் செய்ய முடியும், இடைவேளை அதில் சேராது. ஆகவே உங்களை எடுக்கும் வாய்ப்பில் இன்னொருவரையும் சேர்த்து மாற்றினால் ஒரு வாய்ப்பு மிச்சம்.

வெளியே வந்ததும் உடனே கோடு அருகில் நின்று கட்டளையிட வேண்டாம். டெக்னிகல் ஏரியாவிலிருந்து (பெஞ்சை ஒட்டிப் பயிற்சியாளர்களுக்கு ஒதுக்கிய இடம்) ஒரு நேரத்தில் ஒருவர்தான் ஆலோசனை சொல்லலாம். அது அசிஸ்டென்டாகவே ஐந்து நிமிஷம் இருக்கட்டும். மேல்சட்டை போட்டு, தண்ணீர் குடித்து, அவர் சொல்வதைக் கேட்டபின் பொறுப்பை வாங்குங்கள்.

பெஞ்சிலிருந்து இறங்குவது

60 நிமிஷம் வெளியிலிருந்து பார்த்துவிட்டு உள்ளே போவது கேட்க நன்றாக இருக்கும். கிக்ஸ் 2014 மே மாதம் ஹல் சிட்டிக்கு எதிராக இப்படித்தான் தன்னைத் தானே இறக்கினார். இதில் ஒரு பொறி உண்டு: மேனேஜராக நின்று பார்த்துக்கொண்டே உடலைச் சூடாக்க முடியாது. கோட்டு போட்டு ஒரு மணி நேரம் நின்றவர் இரண்டு நிமிஷம் குதித்துவிட்டு உள்ளே போனால், முதல் முழு வேக ஓட்டத்திலேயே கெண்டைக்காலைப் பிடித்துக்கொள்வார்.

65இல் இறங்க வேண்டும் என்றால் 50இல் பொறுப்பை அசிஸ்டென்டிடம் கொடுத்துவிட்டு, 12 நிமிஷம் முழுதாகச் சூடாக்குங்கள், கடைசி நான்கு நிமிஷம் பந்தோடும் வேகமாகவும். இரண்டாம் பாதி தொடக்கத்திலேயே இறங்கத் திட்டமிடாதீர்கள்; மற்ற மாற்று ஆட்டக்காரர்கள் மைதானத்தில் சூடாகும் அதே நேரத்தில் நீங்கள் உள்ளே பேசிக்கொண்டிருப்பீர்கள். பெஞ்சில் இருக்கும் நாளில் கீழே ஆட்ட உடையும் ஷின் கார்டும் போட்டே நில்லுங்கள்.

அட்டைகள்

சூனஸ் ரேஞ்சர்ஸுக்காக 1986 ஆகஸ்டில் ஆடிய முதல் லீக் ஆட்டத்திலேயே ஹிபர்னியனுக்கு எதிராக வெளியேற்றப்பட்டார். அந்த சீசனின் முடிவில் அபர்டீனில் பட்டத்தை உறுதிசெய்த ஆட்டத்திலும் அவருக்குச் சிவப்பு அட்டை. ரேஞ்சர்ஸ் ஒன்பது வருஷத்துக்குப் பின் பட்டம் வென்றது என்பதால் இது இன்று சுவையான தகவலாக இருக்கிறது. வெளியேற்றப்பட்டவர் டெக்னிகல் ஏரியாவிலும் இருக்க முடியாது. அதாவது ஒரே அட்டையில் ஒரு ஆட்டக்காரரும் போகிறார், மேனேஜரும் போகிறார்.

எனவே உங்களுக்கு மஞ்சள் அட்டை விழுந்தால், நீங்கள் ஆடும் இடம் மிட்ஃபீல்டாக இருந்தால், அசிஸ்டென்ட் உடனே மாற்று ஆளைச் சூடாக்கச் சொல்ல வேண்டும். ஆட்டக்காரராகத் தடை அனுபவிக்கும் ஆட்டத்தில் மேனேஜராகப் பெஞ்சில் உட்காரலாமா என்பது போட்டிக்குப் போட்டி மாறும். சீசனுக்கு முன்பே அமைப்பாளர்களிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இன்னொன்றை அசிஸ்டென்டிடம் சொல்லிவையுங்கள்: பெஞ்சில் யாரோ நடுவரைத் திட்டி, யார் என்று தெரியாவிட்டால், அங்கே இருப்பவர்களில் மூத்த பயிற்சியாளருக்குத்தான் அட்டை. நீங்கள் களத்தில் இருந்தால் அது அவர்.

எதை விடுவது, எப்போது

பெரும்பாலும் ஒரு வருஷத்துக்குள் இரண்டில் ஒன்று தானாகவே நழுவத் தொடங்கும். வின்சென்ட் கொம்பனி 2019இல் ஆண்டர்லெக்டுக்குப் பிளேயர்-மேனேஜராகப் போனார். முதல் 4 லீக் ஆட்டங்களில் வெற்றி இல்லை; அந்த ஆகஸ்டிலேயே ஆட்ட நாள் பொறுப்பை சைமன் டேவிஸிடம் கொடுத்துவிட்டுக் களத்தில் கேப்டனாக மட்டும் நின்றார். 2020இல் ஆடுவதை நிறுத்திய பிறகு முழு மேனேஜரானார். வெயின் ரூனி 2021 ஜனவரியில் டெர்பியின் நிரந்தர மேனேஜரான அன்றே ஆட்டத்தை முடித்துக்கொண்டார். மாத்தராட்சி 2014இல் ஆடிக்கொண்டு நடத்தியபோது அரையிறுதி, 2015இல் வெளியே நின்று நடத்தியபோது கோப்பை. ஒரு உதாரணத்தை வைத்து விதி எழுத முடியாது என்றாலும், இரண்டாவது சீசனுக்குள் ஆடுவதை நிறுத்தத் திட்டமிடுவதே புத்திசாலித்தனம் என்பது எங்கள் கருத்து.

நிறுத்த வேண்டிய நேரத்தைக் காட்டும் அறிகுறிகள்: தொடர்ந்து மூன்று வாரம் பயிற்சி எண்ணிக்கை எட்டவில்லை, 60ஆவது நிமிஷ முடிவு ஒவ்வொரு முறையும் "எடு" என்றே வருகிறது, எதிரணி உங்கள் பக்கமாகவே தாக்கத் தொடங்கிவிட்டது. கடைசியாகச் சொன்னதை எதிரணி மேனேஜர் உங்களுக்கு முன்பே கண்டுபிடித்திருப்பார்.

அறிவிப்பைச் சீசன் நடுவில் பெரிதாகச் செய்யாதீர்கள். அடுத்த பதிவுக்காலம் வரும்வரை உங்கள் ஆட்டக்காரர் பதிவை வைத்திருங்கள், அந்த இடத்துக்கு ஆள் வந்ததும் பதிவை விடுங்கள். காயங்கள் குவிந்து அவசரத்துக்கு இறங்க நேர்ந்தால், அதற்கு முந்தைய மூன்று வாரம் அணியோடு முழுப் பயிற்சி செய்திருந்தால் மட்டும், 20 நிமிஷத்துக்கு மட்டும். இல்லையென்றால் அந்த இடம் இளைஞர் அணியில் உங்களுக்குப் பதிலாகப் பயிற்சியில் நின்றுகொண்டிருந்த பையனுக்கு; அந்த வேலையை அவர் மாதக்கணக்கில் பழகியிருக்கிறார்.